சுருளி எடுத்த படங்கள்

பிலாய்
12-4-1983

மதினி அவர்களுக்கு,

மாயக்காள் எழுதுவது. இங்கே நானும் அவரும் முத்துத்தாயும் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

நல்ல சேதி சொல்லத்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. செக்கானூரணிப் பையன், மின்சார வாரியத்தில் வேலை. ஆவணியில் உசிலம்பட்டியில் கல்யாணம். ஊருக்கு வந்ததும் முதல் பத்திரிகை உங்களுக்குத்தான் வைப்பேன். முறையில் குறை வைக்க மாட்டேன்.

நம் வகையறா வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு முதல் மாலை தாய்மாமன் கையால் விழ வேண்டும். அவர் உயிரோடு இல்லையென்றால் அவர் படத்தை நாற்காலியில் வைத்து, படத்துக்குச் சாத்திய மாலையை எடுத்துப் பெண் கழுத்தில் போட வேண்டும். என் அண்ணன் சுருளியின் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கருமாதி முடிந்து ரயில் ஏறியபோது எடுத்துவரத் தோன்றவும் இல்லை.

அண்ணனின் கூட்டாளி மொக்கையன் போன மாதம் ஒரு கார்டு போட்டிருந்தார். அண்ணனை எடுப்பதற்கு முன்னால் ஸ்டுடியோக்காரரை வரவழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தீர்களாம். எனக்கு இது இப்போதுதான் தெரியும். தந்தி கிடைத்து, ரயில் மாறி மாறி நான் வந்து சேர்வதற்குள் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. படத்தில் இருந்த முகத்தையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டீர்கள்.

ஸ்டுடியோவில் கொடுத்தால் மூடின கண்ணைத் திறந்தது மாதிரி வரைந்து, சட்டையும் போட்டு, பெரிதாக்கித் தருவார்கள். பாதி வீடுகளில் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். அதைச் செய்து வையுங்கள். இதைத் தவிர உங்களிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

மாயக்காள்


பழங்காநத்தம், மதுரை
25-4-1983

மாயக்கா,

உன் கவர் வந்தபோது பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் கரண்டி கஞ்சிக்குள்ளேயே விழுந்துவிட்டது. பிரித்தால் ‘மதினி அவர்களுக்கு’, ‘நீங்கள்’! ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். “எங்க அண்ணனைக் கட்டிக்கிறியாடி?” என்று வாத்தியார் காதில் விழும்படி கேட்டவள் நீ. மூன்று வருஷத்தில் நான் ‘அவர்கள்’ ஆகிவிட்டேன். இருக்கட்டும். எழுதினாயே, அதுவே போதும்.

முத்துத்தாய்க்குக் கல்யாணமா! நீங்கள் பிலாய்க்குப் போனபோது அவளுக்குப் பதினோரு வயது. துக்கத்துக்கு வந்தபோதும் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாய். என் கண்ணில் அவள் இன்னும் குட்டைப் பாவாடையோடுதான் நிற்கிறாள்.

நீ கேட்ட படம் இருக்கிறது. ஆனால் அதை வேண்டாம் என்று சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. வேறு படம் கட்டாயம் கிடைக்கும். நாம் போகாத ஊரா, உன் அண்ணன் எடுக்காத படமா?

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்னைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் கொட்டினேன். முதலில் கையில் வந்தது வைகை அணைப் படம். நீங்கள் விளாங்குடியில் குடியிருந்த காலம். மொக்கையன் மண்டியில் மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றுகிற வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாரே, அந்த வேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை ஒருவர் விடாமல் தும்மினோம். படத்தில் எல்லார் கண்ணிலும் தண்ணீர் நிற்கிறது. பார்க்கிறவர்கள் ஏதோ எழவு வீட்டுப் படம் என்றுதான் நினைப்பார்கள். உன் புருஷன் வெள்ளைத்துரை அண்ணன் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பின்னால் பூந்தோட்டம், அதற்கும் பின்னால் அணை. அணை என்னவோ வெள்ளை வேட்டி காயப்போட்டது மாதிரி மங்கலாகத் தெரிகிறது.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. புளிச்சோற்று வாசம்கூட வந்தது மாயக்கா, சத்தியமாக.

அதில் உன் அண்ணனைக் காணோம். படம் எடுத்தவரே அவர்தானே. மற்றதையும் பார்க்கிறேன். உன்னிடம் உள்ளவற்றையும் நீ பார்.

அன்னக்கொடி


பிலாய்
6-5-1983

மதினி,

‘அவர்களை’ எடுத்துவிட்டேன். அதற்காகச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

என்னிடம் கொடைக்கானல் படங்கள் எட்டு இருக்கின்றன. மொக்கையன் அண்ணன் யாரிடமோ இரவல் வாங்கி வந்த ஒரே ஒரு சிவப்பு ஸ்வெட்டர் ஞாபகம் இருக்கிறதா? குளிருக்கு யாரும் அதைப் போடவில்லை, போட்டோவுக்குத்தான் போட்டோம். ஏரிக்கரையில் நான் போட்டிருக்கிறேன். பில்லர் ராக்கில் நீ. குதிரை மேல் இவர். முத்துத்தாய் போட்டபோது முழங்கால்வரை தொங்குகிறது. பார்க்கிறவர்கள் இந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு சிவப்பு ஸ்வெட்டர் என்று நினைக்கட்டும் என்று அண்ணன் சொன்னான். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது சிவப்பா பச்சையா என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் கேட்டேன். “வாய மூடிக்கிட்டு நில்லுடி, ஏரி அசையுது” என்றான்.

எட்டிலும் அவன் இல்லை. ஸ்வெட்டர் எல்லாரிடமும் போனது, அவனிடம் மட்டும் போகவில்லை. ஒரு படத்தின் மூலையில் விரல் ஒன்று தெரிகிறது. கேமராவின் கண்ணை மறைத்த அவன் விரல்தான். அதையா மதினி நாற்காலியில் வைப்பது?

மொக்கையன் அண்ணன் எத்தனை முறை கெஞ்சினார், “குடு மாப்ள, உன்னை ஒண்ணு எடுக்கிறேன்” என்று. கொடுத்தானா? உன் கல்யாணத்துக்கும் போட்டோக்காரன் வரவில்லை. கோயிலில் தாலி கட்டி வீட்டில் சோறு போட்டதோடு சரி. சைக்கிள் கடை வைத்திருந்த அவனிடம் எந்த ஆபீஸிலும் படம் கேட்டதும் இல்லை.

அதனால் திரும்பவும் கேட்கிறேன். இருக்கிறது ஒரே படம். அதை ஏன் தர மாட்டேன் என்கிறாய்? ஒப்புக்கு ஊர்க்கதை சொல்லி என்னை மயக்கப் பார்க்காதே. தண்ணி ஊற்ற வந்தவளுக்குச் சாம்பலைக் காட்டினீர்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாயக்காள்


பழங்காநத்தம்
20-5-1983

மாயக்கா,

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ சொல்ல வைத்துவிட்டாய்.

அன்றைக்கு ஐப்பசி மழை. “தங்கச்சி வரணும், ஒரு பொழுது பொறுங்க” என்று நான் கேட்டேன். “மழையில எம்புட்டு நேரம்தா வச்சிருக்கிறது? பிலாய் என்ன, பக்கத்துத் தெருவா?” என்று பெரியவர்கள் கேட்டார்கள். என் பேச்சு எடுபடவில்லை. அப்போதுதான் மொக்கையனிடம், “ஸ்டுடியோக்காரரையாச்சும் கூட்டியாங்க அண்ணே, மாயக்கா மொகத்தப் பாக்கணும்ல” என்று சொன்னேன். அந்தப் படம் எனக்காக எடுத்தது இல்லை. உனக்காக எடுத்தது. நீ வந்தாய், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் ரயில் ஏறிவிட்டாய். நான் எப்படிக் கொடுப்பேன்?

சரி, நீ கேட்டதற்காகப் போன வாரம் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் உள்ள ஸ்டுடியோவுக்குப் போனேன். நல்ல மனுஷர்தான். உட்காரச் சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்தார். பென்சிலைச் சீவிக்கொண்டே, “கண்ணு எப்படிம்மா இருக்கும்? பெரிசா, சின்னதா? உள்வாங்கினதா, முழிச்ச மாதிரியா?” என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை மாயக்கா.

பதினான்கு வருஷம் அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தினேன். காலையில் எழுந்தால் அவர் முகத்தில்தான் விழித்தேன். காலில் எந்த விரலில் நகம் கறுத்திருந்தது என்று சொல்லத் தெரிகிறது. கண் எப்படி இருந்தது என்று நினைத்தால் படத்தில் பார்த்த மூடின கண்தான் வருகிறது. அந்தப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்துப் பார்த்து நானே கெடுத்துக்கொண்டேனோ என்னவோ.

அந்தக் கடையின் சுவரில் வரைந்து முடித்த படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. செத்துப்போன செட்டியார், மீசை வைத்த போலீஸ்காரர், யாரோ ஒரு சின்னப் பெண். முகம்தான் வேறு வேறு. கண் எல்லாருக்கும் ஒன்று. ஒருவரே வரைகிறாரே, வேறு எப்படி இருக்கும்? அத்தனை பேரும் ஒரே பார்வையாக என்னைப் பார்த்தார்கள். உன் அண்ணனையும் அந்த வரிசையில் உட்காரவைத்துவிட்டால், அப்புறம் ஆயுசுக்கும் அந்தக் கண்தான் என் நினைப்பில் நிற்கும். இருக்கிறது கொஞ்சம். அதுவும் போய்விடும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படத்தை அவரிடமே விட்டுவந்தேன். நீ கூடப்பிறந்தவள். என்னைவிட அதிக வருஷம் பார்த்தவள். நீ எழுது, உன் அண்ணன் கண் எப்படி இருக்கும்? அதை அப்படியே அவரிடம் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்னக்கொடி


பிலாய்
4-6-1983

அடியே அன்னக்கொடி,

மதினி என்று கூப்பிட வாய் வரவில்லை, அதனால் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட மாதிரி கூப்பிடுகிறேன்.

எனக்காக எடுத்த படம் என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருந்தேன். முத்துத்தாய் வந்து பாத்திரத்தைப் பிடுங்கினாள். “ஏம்மா அழுவுற, மாமா ஞாபகமா?” என்றாள். ஆமாம் என்றேன். உன் ஞாபகமும்தான் என்று அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உன்னிடம் பேசாமல் போனேனே, அந்தப் பெரியவர்களிடம் மட்டும் திருநீறு வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு போனேன். ஆத்திரத்தைக் கொட்ட ஆள் கிடைத்தது நீதான்.

கண் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். ராத்திரிக்குச் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே யோசித்தேன், துணி அலசும்போது யோசித்தேன். சொன்னால் சிரிப்பாய். எனக்கு அவன் ஒற்றைக் கண்ணன் மாதிரிதான் ஞாபகம் வருகிறான். வலது கண்ணைக் கேமரா மறைத்திருக்கும். இடது கண்ணை இறுக்கி மூடியிருப்பான். பல் மட்டும் வெளியே தெரியும். வீட்டில் எப்படி இருந்தான், கடையில் எப்படி இருந்தான் என்பதெல்லாம் கரைந்துபோய்விட்டது. அந்த முகம்தான் நிற்கிறது. இவரைக் கேட்டேன். “மாப்ளைனு கூப்பிடுவாரு, அந்தச் சத்தம் காதுல இருக்கு. மொகத்தைக் கேட்டா என்னத்தச் சொல்ல?” என்று கையை விரிக்கிறார்.

ஆனால் ஒன்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றவர்கள் மாதிரி ‘ரெடி’ என்று சொல்லி அவன் படம் எடுத்ததில்லை. ஆளுக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்லி வைப்பான். சிரிப்பு வெடிக்கிற நேரம் பார்த்து அமுக்குவான். குதிரை மேல் இவர் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தபோது, “மாப்ள, குதிரை உன்னைய விட அழகா இருக்கு, நீ கொஞ்சம் ஒதுங்கிக்க” என்றான். என்னிடம் கன்னியாகுமரியில், “அடியே, கடல் போட்டோவுக்கு வரணுமாம், நீ கொஞ்சம் எடம் விடு” என்றான். அப்போது நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும்.

உன்னிடம் உள்ள படங்களுக்கு அவன் என்ன சொன்னான்? எழுது. கண் வராவிட்டாலும் அதாவது வரட்டும்.

மாயக்காள்


பழங்காநத்தம்
24-6-1983

மாயக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே இல்லை. பால்வாடியில் இருந்து வந்ததும் கால் கழுவிவிட்டு, பாயை விரித்து, படங்களைச் சுற்றிவர வைத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து, இதற்கு என்ன சொன்னார், இதற்கு என்ன சொன்னார் என்று யோசிப்பேன். முதலில் ஒன்றும் வராது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். பிறகு யாரோ பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி அவர் சத்தம் வரும்.

சுருளி அருவிப் படத்தை எடுத்து வைத்திருந்தபோது அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டேன். தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இப்போதும் சந்தேகம்தான். தண்ணீர் இரைகிறது. வேனுக்குள் நாம் எல்லாரும் இருக்கிறோம். வேன் எங்கேயும் நிற்கவில்லை. வைகை அணையும் ஏரியும் கன்னியாகுமரிக் கடலும் ஒன்றன்பின் ஒன்றாக ஜன்னலில் போகின்றன. யாருக்கும் இறங்கத் தோன்றவில்லை. முத்துத்தாய் என் மடியில் ஈரப் பாவாடையோடு தூங்குகிறாள். மொக்கையன் வண்டி ஓட்டவில்லை, நம்மோடுதான் உட்கார்ந்து தும்முகிறார். அப்படியென்றால் ஓட்டுவது யார் என்று எட்டிப் பார்க்க நினைக்கிறேன். மடியில் பிள்ளை இருக்கிறதே, எழுந்தால் முழித்துக்கொள்ளுமே என்று அப்படியே இருந்துவிட்டேன். எழுந்து பார்த்திருக்கலாம் மாயக்கா. ஆனால் எனக்கு வருத்தம் இல்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

விழித்ததும் சுருளி அருவியில் அவர் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. “எல்லாரும் எம்பேருல குளிக்கிறீக, ஆளுக்கு ஒரு கும்பிடு போடுங்க” என்றார். அதனால்தான் படத்தில் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அருவியைக் கும்பிடுகிறோம் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அருவி நமக்குப் பின்னால் இருக்கிறது. நாம் அவரைத்தான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அது தெரிந்ததும் எல்லாப் படங்களையும் திரும்ப எடுத்தேன். கொடைக்கானலில் நாம் ஏரியைப் பார்க்கவில்லை. வைகையில் அணையைப் பார்க்கவில்லை. நீயும் நானும் வெள்ளைத்துரை அண்ணனும் மொக்கையனும் முத்துத்தாயும், அத்தனை பேரும் ஒரே ஆளைத்தான் பார்த்துச் சிரிக்கிறோம். இந்தப் படங்களில் அவர் இல்லை என்று இரண்டு பேரும் மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தோமே! நம் மூஞ்சியில் உள்ள சிரிப்பு முழுக்க அவர்தானே.

வைகைப் படத்தில் நம் காலடியில் ஒரு நிழலும் விழுந்திருக்கிறது. இரண்டு முழங்கையும் சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி விரிந்த நிழல். இத்தனை வருஷம் அதை வேலி என்று நினைத்தேன்.

நேற்று ஸ்டுடியோவுக்குப் போய்க் கண் வரைய வேண்டாம் என்று சொல்லிப் படத்தை வாங்கிவந்துவிட்டேன். “பாதி பேர் இப்படித்தாம்மா கொடுத்துட்டு வந்து வாங்கிட்டுப் போறாக” என்றார். நீ என்னைத் திட்டினாலும் சரி. நாற்காலிக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முத்துத்தாய் கல்யாணத்தில் என்னால் ஒரு குறை வந்துவிட்டதே என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

அன்னக்கொடி


பிலாய்
5-7-1983

மதினி,

உன் கடிதத்தை வாசித்துக் காட்டியபோது இவர் எழுந்து வெளியே போய்விட்டார். வந்து, “அந்த நெழலை எனக்கும் ஒரு காப்பி எடுத்து அனுப்பச் சொல்லு” என்றார்.

இனி நான் சொல்வதைக் கேள். நாற்காலியில் படம் வைக்கப்போவதில்லை. நீ உட்காரப்போகிறாய்.

குதிக்காதே. நன்றாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். படம் எதற்காக வைக்கிறோம்? மாமன் வந்து உட்கார்ந்தான், பார்த்தான், மாலை கொடுத்தான் என்பதற்காக. கண் வரைந்த அட்டை எதைப் பார்க்கும்? உன் கண் அவனைப் பார்த்த கண். அவன் சொன்னதற்கெல்லாம் சிரித்த முகம் உன்னுடையது. அதைவிட நல்ல படம் எந்த ஸ்டுடியோவில் கிடைக்கும்? முதல் மாலை உன் கையால் விழ வேண்டும்.

சரி என்று ஒரு வரி எழுது. பத்திரிகையில் தாய்மாமன் சீர் என்ற இடத்தில் உன் பெயரைப் போடச் சொல்கிறேன்.

மாயக்காள்


பழங்காநத்தம்
18-7-1983

மாயக்கா,

உன் பாசத்துக்கு ஒரு கும்பிடு. ஆனால் நீ பிலாயில் இருந்துகொண்டு ஊரை மறந்துவிட்டாய்.

நான் தாலி அறுத்தவள். நல்ல காரியத்தில் முன்னால் வந்து நின்றாலே முகம் சுளிக்கிறார்கள். போன தையில் பக்கத்துத் தெரு வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும், தாம்பாளம் வைத்திருந்த பெண் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போனது. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வெள்ளைத்துரை அண்ணனின் பெரியப்பா கருத்தக்கண்ணன் இருக்கிறாரே, அவர் என்னை முதல் மாலை போட விடுவாரா? உன் அண்ணனுக்குப் பங்காளி வகையில் காசிமாயன் இருக்கிறான். அவனை நிறுத்து. முறை தப்பாது. கல்யாணப் பெண் மேல் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. நாளைக்கு அவளுக்குத் தலைவலி வந்தால்கூட என் கைராசி என்பார்கள்.

நான் வருவேன். பந்திக்குப் பக்கத்தில் இலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். பிள்ளையைத் தூரத்தில் இருந்து பார்த்தால் போதும். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அவளைத் தூக்கி வளர்த்த கை இது. ஆசை இருக்கிறது, பயம் அதைவிட அதிகமாக இருக்கிறது.

அன்னக்கொடி


பிலாய்
27-7-1983

மதினி,

உன் கடிதத்தை நான் படிப்பதற்கு முன்னால் முத்துத்தாய் படித்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அத்தை போடலைன்னா நான் கழுத்தைக் குனிய மாட்டேன். காசிமாயன் மாமா எனக்கு யாருன்னே தெரியாது. அத்தை மடியிலதான் நான் ஊர் ஊரா போனேன்.” அதற்கு மேல் இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

போன கடிதத்தை உனக்கு எழுதிய அன்றைக்கே இவர் பெரியப்பாவுக்கும் ஒரு கடிதம் போட்டிருந்தார். பதில் வந்தது. அதில் இருந்த வசவை உனக்கு எழுதினால் தபால்காரர் கை வெந்துபோகும். இவர் திரும்ப எழுதினார். “என் மகளுக்கு யார் மாலை போடுவது என்று நானும் என் மகளும் சொல்வோம். பிடிக்காதவர்கள் பந்திக்கு மட்டும் வந்தால் போதும்.” என் புருஷனுக்கு இவ்வளவு வாய் இருக்கிறது என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. உன் பெயரோடு. இனிமேல் நீ வராவிட்டால் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். ஊரே பார்க்க என் அண்ணன் நாற்காலி காலியாகக் கிடக்கட்டும் என்றால் கிடக்கட்டும்.

இலை எடுத்துக் கொடுக்க ஆள் போட்டாயிற்று. அந்த வேலை உனக்குக் கிடையாது.

மாயக்காள்


பிலாய்
2-10-1983

மதினி,

நாங்கள் சுகமாக வந்து சேர்ந்தோம். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அவள் இல்லை என்பது ஞாபகம் வந்து திரும்ப அலமாரியில் வைக்கிறேன். இவரும் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி இருக்கிறார்.

கல்யாணப் படங்கள் நேற்றுத் தபாலில் வந்தன. எல்லாம் கலர்ப் படம். கருத்தக்கண்ணன் பெரியப்பா முன்வரிசையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் எழுந்து போகவில்லை பார்த்தாயா! மொக்கையன் அண்ணன் எல்லாப் படத்திலும் யார் தோளுக்கு மேலாவது எட்டிப் பார்க்கிறார்.

முதல் மாலைப் படம் நன்றாக வந்திருக்கிறது. நீ வர மாட்டாயோ என்று மண்டப வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மொக்கையன் அண்ணனின் வேனில் இருந்து நீ சீர்த் தட்டோடு இறங்கியபோது எனக்கு வந்த அழுகையை நீ பார்க்கவில்லை. அந்த நாற்காலியில் விறைத்துப்போய்தானே உட்கார்ந்திருந்தாய்?

ஒன்று கேட்க வேண்டும். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறோம். போட்டோக்காரன், “அம்மா, இங்க பாருங்க, அம்மா” என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நீ திரும்பவே இல்லை. மாலையைப் போட்டுவிட்டுக் கையை எடுக்காமல், முத்துத்தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். வாய்கூடத் திறந்திருக்கிறது. பெரியப்பா ஏதாவது சொல்லிவிட்டாரா? இல்லை, மயக்கம் ஏதும் வந்ததா? அன்றைக்குக் கூட்டத்தில் கேட்க முடியவில்லை. எழுது.

மாயக்காள்


பழங்காநத்தம்
14-10-1983

மாயக்கா,

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. மயக்கமும் வரவில்லை.

தலையைக் குனிந்தே இருந்தேன். யார் முகத்தையும் பார்க்கக்கூடாது, மாலையைப் போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் எழுந்தேன். முத்துத்தாய் கழுத்தை நீட்டினாள். போட்டேன். கையை எடுப்பதற்குள் அவள் நிமிர்ந்து, “அத்தை, பூ மூக்குல குத்துது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பெரிய கண் இல்லை மாயக்கா. சின்னதும் இல்லை. சிரிக்கும்போது கீழ் இமை மேலே ஏறிவந்து பாதிக் கண்ணை மூடிக்கொள்கிறது. இடது ஓரம் கொஞ்சம் சாய்வு. அழப்போகிற ஆள் மனசு மாறிச் சிரித்துவிட்டது மாதிரி இருக்கிறது. கறுப்பு என்று சொல்ல முடியாது, பழைய புளி நிறம். இவளைச் சின்னப் பிள்ளையாகத்தான் எனக்குத் தெரியும், இந்தக் கண் அவளுக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஏழு வருஷமாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உனக்கும் தெரியவில்லையே!

அவரேதான். அப்படித்தான் இருக்கும். எனக்கு எல்லாம் வந்துவிட்டது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பது, நான் கோபித்துக்கொண்டால் ஓரக்கண்ணால் பார்ப்பது, காய்ச்சலில் பார்த்தது, எல்லாம். போட்டோக்காரன் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பினால் போய்விடுமோ என்றுதான் திரும்பவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போய்ச் சொல்லலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பிறகு எதற்கு என்று திரும்பிவிட்டேன். வழியில் கால் கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு செக்கானூரணி பஸ்ஸில் ஏறி, பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அன்னக்கொடி